நெஞ்சில் ஒரு கொடிக்கயிறு

படம் பார்க்கும் விளக்குப்பெட்டி
போன மழைக்காலத்தில் கண்ணை மூடியது.
அன்றிலிருந்து எங்களுக்குக்
கிழக்கு ஜன்னல்தான் விளக்கு.
ஒன்பது மணிக்குள் எடுத்த நெஞ்சுகளுக்கு
மலாவி ஏரியின் வெளிச்சம் கிடைக்கும்.
பிந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்கள்தான்.

லோனெஸ் பிந்தி வரவில்லை.
மூன்று மாத இருமலையும்
முதுகில் கட்டிய பிள்ளையையும் சுமந்து
சனிக்கிழமை முதல் படகில் வந்திறங்கினாள்.
விரலிடுக்கில்
உசிப்பா மீனின் செதிள் மின்னியது.
பிள்ளையைக் கதவுக்கு வெளியே யாரோ வாங்கிக்கொள்ள,
"மூச்சை இழு. பிடி. விட்டுவிடாதே" என்றேன்.
அந்த ஒரு கணம்
வெளியே அழுகையும் நின்றது.

எடுப்பது என் வேலை.
சொல்வது என் வேலை அல்ல.
பதினோரு வருஷமாக நெஞ்சுகளைப் பார்க்கிறேன்,
வலப்பக்கம் மேலே இருந்த அந்த வெண்மை
எனக்குப் பிடிக்கவில்லை.
பிடிக்கவில்லை என்று அறிக்கையில் எழுத முடியாது.
மருத்துவ அலுவலர் தெம்வானி
தலையை இந்தப் பக்கம் சாய்த்தார்,
அந்தப் பக்கம் சாய்த்தார்.
சளியில் கிருமி இல்லை என்றது சீட்டு.
"ஃபட்சானியைக் கேள், லுசுங்கு."

டாக்டர் ஃபட்சானி லிலோங்வேயில்.
கண்ணாடியில் பிளாஸ்திரி போட்டுப் படத்தை ஒட்டி
கைப்பேசியில் இன்னொரு படம்.
பிறகு தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏழாவது படி:
அதற்குக் கீழே சிக்னல் இல்லை,
அதற்கு மேலே ஏணி இல்லை.
ஒரு டிக்.
வெகுநேரம் கழித்து இரண்டு.
சாம்பல் நிறத்திலேயே இரண்டும்.

அவர் கைப்பேசியில்
எத்தனை ஊர் நெஞ்சுகள் வரிசையில் நிற்கின்றனவோ.
மினிபஸ்ஸில், சந்தையில்,
மகனுக்குச் சோறூட்டும் கையோடு
விரலால் விரித்து விரித்துப் பார்ப்பாராம்.
கோபப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

நான்கு மணிக்குத் திரும்பும் படகு.
மூன்றரைக்கு லோனெஸ் வந்து நின்றாள்.
"என் படம் என்ன சொல்கிறது?"
"இன்னும் சொல்லவில்லை."
"படம் உன்னிடம்தானே இருக்கிறது?"
எச்சிலை விழுங்கினேன்.
மீன் காய்கிறது, காக்கை விடாது என்று
சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

இரவு ஏழு நாற்பதுக்கு
டிக்குகள் நீலமாயின.
"வெண்மையின் குறுக்கே கறுப்புக் கோடு. என்ன அது?"

படத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கோடே இல்லை.
ஜன்னலுக்கு வந்தேன்.
வெளியே, பிரசவ வார்டின் விரிப்புகளோடு
தொய்ந்து கிடந்தது அது.
"கொடிக்கயிறு, டாக்டர்.
துணி காயப்போடுவது."

தட்டச்சு செய்கிறார்.
நிறுத்துகிறார்.
தட்டச்சு செய்கிறார்.
"கயிற்றுக்குப் பின்னால் ஒரு குழி இருக்கலாம்.
காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு எடு.
அந்தப் பெண்ணை அனுப்பிவிடாதே."

விடியலில் ஈர விரிப்புகளை
என் தோளில் அள்ளிப் போட்டேன்.
சலவைக்கு நிற்கும் எட்டினா
என் அம்மாவில் தொடங்கித் திட்டினாள்.
விஷயத்தைச் சொன்னதும்
வாயை மூடிக்கொண்டு மறுமுனையை அவளே அவிழ்த்தாள்.
ஏரியிலிருந்து நேராக வந்தது வெளிச்சம்.
வெண்மைக்குள் ஒரு கறுப்பு வட்டம்,
கட்டைவிரல் நகமளவு.
இம்முறை பதில் வர ஒன்பது நிமிடம்.

தெம்வானி எழுதிய சீட்டு
ஞாயிற்றுக்கிழமைப் படகோட்டியின் சட்டைப்பையில் போயிற்று.
முகவரி நான்தான் சொன்னேன்:
மீன் காயும் மேடை, முதுகில் பிள்ளை, இருமுவாள்.
அந்தக் கரை முழுக்க
மீன் காயும் மேடைகள்தான்.

கயிற்றை ஒரு முழம் தாழ்த்திக் கட்டியிருக்கிறோம்.
விரிப்பின் ஓரம் மண்ணில் புரள்கிறது,
எட்டினா தினமும் இரண்டாம் தடவை அலசுகிறாள்.

புதன்கிழமை.
ஏழாவது படியில் நிற்கிறேன்.
கைப்பேசி பையில் கிடக்கிறது.
படகு இன்னும் புள்ளிதான்,
அதில் யார் என்று
இங்கிருந்து படிக்க முடியவில்லை.